தொங்கிய அட்டையும் தொலைந்த கோப்பும்

வந்தவாசி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் நினைவுக்கு வரும். ஒன்று, 1760 ஜனவரியில் அயர் கூட்டின் படையும் லாலியின் படையும் மோதிக்கொண்ட போர். மற்றொன்று கோரைப்பாய். பட்டு எங்கள் ஊர்ப் பெருமை இல்லை; அது வடமேற்கே நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆரணிக்கு உரியது. கல்யாணம் என்றால் அங்கேயோ காஞ்சிபுரத்துக்கோ பஸ் ஏறுகிறவர்கள்தான் நாங்கள். ஆனாலும் ஆரணியின் தறிவீடுகளைப் பற்றிப் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. கணினிக்காரர்கள் இன்றைக்கும் சரியாகப் பழகிக்கொள்ளாத ஒரு பழக்கம், செய்த வேலையை எவரும் படிக்கக்கூடிய வடிவில் பத்திரப்படுத்தும் பழக்கம், அந்த வீடுகளில் நெடுங்காலம் இருந்தது. இப்போது அங்கேயே அது நழுவிக்கொண்டிருக்கிறது.

சேவூரிலோ ஒண்ணுபுரத்திலோ பழைய தறிவீடு ஒன்றுக்குள் போனால் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். குழித்தறிக்கு மேலே, உத்தரத்தை ஒட்டினாற்போல் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து அட்டைகள் ஒன்றோடொன்று நூலால் கோக்கப்பட்டுச் சரமாகத் தொங்கும். பெட்டிக்குள் கொக்கிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு கொக்கிக்கும் ஓர் ஊசி. மிதியை மிதித்தால் நான்கு முகம் கொண்ட ஒரு கட்டை அட்டையை ஊசிகளின்மேல் கொண்டுபோய் அழுத்தும். துளை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே நுழைந்துவிடும். அதற்குரிய கொக்கி மேலே ஏறும், அதோடு நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளும் எழும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னால் தள்ளப்படும். கொக்கி கீழேயே நின்றுவிடும். எழுந்த இழைக்கும் எழாத இழைக்கும் நடுவே ஜரிகை நாடா ஓடும். மறு மிதிக்கு அடுத்த அட்டை. பூவோ மாங்காயோ அன்னமோ, டிசைனில் குறுக்கே ஓடும் ஒவ்வோர் ஊடை இழைக்கும் ஓர் அட்டை.

இதற்கு முன்னால் அடை என்ற முறை இருந்தது. எந்த ஊடைக்கு எந்த இழை எழ வேண்டும் என்பதைத் தறியிலேயே நூல்களாகக் கட்டி வைத்திருப்பார்கள். நெய்கிறவருக்குத் துணையாக இன்னொருவர், பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை, அந்த நூல்களை முறைப்படி இழுத்துக் கொடுப்பார். டிசைன் தறியோடு கட்டுண்டு கிடந்தது. டிசைனை மாற்றுவதென்றால் அத்தனை கட்டையும் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். அட்டை வந்ததும்தான் டிசைன் தறியை விட்டுத் தனியே பிரிந்தது. கழற்றலாம், மடிக்கலாம், ஆணியில் தொங்கவிடலாம், பத்து வருடம் கழித்து எடுத்து மறுபடியும் மாட்டலாம். துணைக்கு உட்கார்ந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகவும் அது ஓரளவு உதவியிருக்கும்.

அட்டை எப்படிப் பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிசைன் போடுகிறவர் முதலில் காகிதத்தில் வரைவார். பிறகு அதைக் கட்டம் போட்ட கிராப் தாளுக்கு மாற்றுவார். ஒரு கட்டம் ஒரு கொக்கி. ஒரு கிடைவரிசை ஓர் ஊடை. நிரப்பிய கட்டம் என்றால் துளை, வெற்றுக் கட்டம் என்றால் துளை இல்லை. அட்டை குத்துகிறவர் அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு, வரிசை வரிசையாகக் கண்ணால் படித்து, கையாலோ பியானோ போன்ற கட்டைகள் வைத்த இயந்திரத்தாலோ குத்திக்கொண்டு போவார். ஓரத்தில் எண் எழுதுவார். எண் இல்லாத அட்டை கலைந்தால் அவ்வளவுதான், அன்னத்தின் தலை வாலுக்குப் போய்விடும்.

இந்தச் சரத்தைத்தான் நான் கோப்பு என்று சொல்கிறேன், கணினிக்காரர் சொல்கிற அதே பொருளில். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வட்டாரத்தில் பழகிய அளவான 240 கொக்கிப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஓர் அட்டையில் 240 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் துளை உண்டு அல்லது இல்லை. கணினி மொழியில் 240 பிட். எட்டால் வகுத்தால் 30 பைட். ஆயிரம் அட்டை கொண்ட ஒரு சரம் 30,000 பைட். காலையில் வாட்ஸாப்பில் வந்து விழும் வணக்கப் படம் ஒன்று இதைவிடப் பெரியது. ஓர் ஆள் சுமக்கிற கட்டு, பரணை அடைத்துக்கொள்கிற சரம், கணினிக் கணக்கில் இவ்வளவுதான்.

இந்தக் கணக்கு தற்செயலாகப் பொருந்தியதல்ல. கணினியின் வம்சாவளியே இந்த அட்டை வழியாகத்தான் வருகிறது. பிரான்சின் லியோன் பட்டுத்தறிகளில் 1725இல் பாசில் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளைப் புகுத்தினார். அவருக்குப் பின் பால்கன் அதைத் தனித்தனி அட்டைகளாக்கினார். ஜோசப் மரி ஜக்கார்டு 1804 வாக்கில் அதற்கு உருப்படியான இயந்திர வடிவம் கொடுத்தார். அவருடைய உருவத்தையே 1839இல் பட்டில் நெய்தார்கள்; அதற்குத் தேவைப்பட்டது 24,000 அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட துளையிடங்கள். மொத்தம் இன்றைய கணக்கில் மூன்று மெகாபைட் சொச்சம். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவு. அந்தப் பட்டு உருவம் ஒன்றை லண்டனில் சார்லஸ் பாபேஜ் வாங்கி வைத்துக்கொண்டார். தான் திட்டமிட்ட பகுப்பாய்வு எந்திரத்துக்குக் கட்டளை கொடுக்கவும் அட்டையையே தேர்ந்தார். அங்கிருந்து அமெரிக்காவின் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் செய்த அட்டை. அங்கிருந்து 1928இல் ஐ.பி.எம். கொண்டுவந்த 80 பத்தி அட்டை. ஓர் அட்டையில் 80 எழுத்து. பின்னால் அட்டை ஒழிந்து திரை வந்தபோதும் திரையின் ஒரு வரிக்கு 80 எழுத்து என்று வைத்தார்கள். நிரல் எழுதுகிற பலர் இன்றும் ஒரு வரியை எண்பதுக்குள் நிறுத்திக்கொள்வது அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான்.

சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் ஐ.பி.எம். 370 கணினி நிறுவப்பட்டது. அன்றைய மாணவர்களுக்கு நிரல் என்றால் அட்டைக் கட்டு. கட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். விடை வரி அச்சுப்பொறியில் நீளத் தாளாக வரும். அந்தத் தாள்தான் வெளியீடு, அதுதான் ஆவணம். கட்டு கை நழுவிக் கீழே விழுந்தால் அடுக்குவதற்கு வசதியாக, போர்ட்ரான் நிரல்மொழி அட்டைகளின் கடைசி எட்டுப் பத்திகளை வரிசை எண்ணுக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். ஆரணியில் அட்டை குத்துகிறவர் ஓரத்தில் எண் எழுதியதும் இதே பயத்தினால்தான்.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் என்ற இயங்குதளம் பிறந்தது. அதில் ஒரு சின்ன வசதி. எந்தக் கட்டளைக்கும் பின்னால் > என்ற குறியைப் போட்டு ஒரு பெயரை எழுதினால், திரையில் ஓட வேண்டிய எழுத்தெல்லாம் அந்தப் பெயரில் ஒரு கோப்புக்குள் போய் உட்கார்ந்துவிடும். எந்த நிரல் எழுதியது என்ற அடையாளம் அதில் ஒட்டாது. வெறும் எழுத்து, வரி வரியாக. இன்னொரு நிரல் அதைப் படிக்கலாம், மனிதனும் படிக்கலாம். தொழில்நுட்ப மென்பொருள்களில் இதைவிடப் பெரிய வசதிகள் எத்தனையோ வந்துவிட்டன. இதைவிடப் பயனுள்ளது வந்ததா என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

ஆரணிக்குத் திரும்புவோம். இன்றைக்கு டிசைன் பிறப்பது டிசைன் சென்டர்களின் கணினியில். பழைய சேலையின் படத்தை ஸ்கேன் செய்து, நிறங்களைக் குறைத்து, கொக்கிக் கணக்குக்கு ஏற்பக் கட்டங்களாக்கி, சுட்டியால் புள்ளி புள்ளியாகத் திருத்துகிறார்கள். கிராப் தாளில் நாள்கணக்கில் செய்த வேலை சில மணி நேரத்தில் முடிகிறது. பல தறிகளில் இன்னும் அட்டைதான் தொங்குகிறது. ஆனால் அதைக் குத்துவது கணினியோடு இணைந்த இயந்திரம். மற்ற தறிகளில் மின்னணு ஜக்கார்டு ஏறியிருக்கிறது. அதற்கு அட்டையே வேண்டாம். டிசைனை பென் டிரைவில் கொண்டுவந்து செருகினால் பெட்டியே கொக்கிகளைத் தூக்கிவிடும். டிசைன் மாற்ற வேண்டுமா, பொத்தானை அழுத்தினால் போதும். அரசு தரப்பிலும் ஊக்கம் உண்டு. டிஜிபுனாய் என்ற பெயரில் நெசவு டிசைனுக்கான திறமூல மென்பொருள் ஒன்றையே மத்திய மின்னணுத் துறையின்கீழ் உருவாக்கியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் குறை சொல்ல நான் வரவில்லை. அட்டையை எலி கடிக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறி அட்டை நைந்தால் ஊசி தப்பும். தப்பிய ஊசி ஜரிகையில் தெரியும். ஒரு பெரிய முந்தானைக்கு அட்டை குத்தும் கூலியை நினைத்தே பலர் புது டிசைன் பக்கம் போகாமல் இருந்தார்கள். அட்டைக் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று தறியில் உட்கார்ந்து கால் வலித்த ஒருவரும் சொல்லமாட்டார்.

ஆனால் அட்டைக்கு ஒரு குணம் இருந்தது. அதை நெசவாளி படிக்கலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பார்டரின் கோடு எது, பூ எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியும். தவறாகக் குத்திய துளை மேல் காகிதம் ஒட்டி அடைப்பார். விட்டுப்போன துளையைத் தானே குத்திக்கொள்வார். அட்டை குத்தியவர் தொழிலை விட்டாலும், டிசைன் போட்டவர் ஊரை விட்டே போனாலும், சரம் தறிவீட்டில் தொங்கும், வேலை நடக்கும். டிசைனுக்கும் தறிக்காரருக்கும் நடுவே யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

கோப்பின் கதை வேறு. துணி டிசைன் மென்பொருள்கள் பலவும் தத்தமக்கென்று ஒரு கோப்பு வடிவம் வைத்திருக்கின்றன. அந்தக் கோப்பைத் திறக்க அதே மென்பொருள் வேண்டும். அந்த மென்பொருள் ஓடக் கணினியின் முதுகில் ஒரு டாங்கிள், அதாவது மென்பொருளின் பூட்டைத் திறக்கும் சாவி மாதிரியான ஒரு சின்னச் செருகி, மாட்டியிருக்க வேண்டும். பழைய டாங்கிள்கள் அச்சுப்பொறி மாட்டும் அகலமான செருகுவாயில் மாட்டுபவை. இன்றைய கணினிகளில் அந்த வாயே கிடையாது. ஆக, கோப்பு இருக்கிறது, மென்பொருள் குறுந்தகடும் இருக்கிறது, டாங்கிளும் மேசை டிராயரில் கிடக்கிறது. டிசைன் மட்டும் இல்லை. “அண்ணே, அந்த ருத்ராட்ச பார்டர் பழைய சிஸ்டத்துல போச்சு, புதுசா போட்டுத் தர்றேன்” என்ற பதிலைக் கேட்காத தறிக்காரர் அரிது. புதிதாகப் போட்டால் புதிதாகப் பணம். முதலில் கொடுத்த பணம் எதற்கு என்று கேட்டால் டிசைன் சென்டர்காரரிடமும் பதில் இல்லை; அவரும் அந்த மென்பொருளை விற்றவரிடம் மாட்டிக்கொண்டவர்தான்.

சரி, படக்கோப்பாகச் சேமிக்கலாமே என்பார்கள். கருப்பு வெள்ளை மட்டும் உள்ள பி.எம்.பி. படம் நல்ல வடிவம்; பெட்டிகள் சில அதையே ஏற்றுக்கொள்கின்றன. வம்பு எங்கே வருகிறதென்றால், அந்தப் படத்தைக் கைப்பேசி வழியாக அனுப்பும்போது. வாட்ஸாப் அதைப் படமாகப் பார்த்துச் சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடும். ஜேபெக் முகத்துக்கும் மலைக்கும் செய்யப்பட்ட வடிவம். கண்ணுக்குத் தெரியாத நுணுக்கத்தைத் தள்ளிவிட்டுத்தான் அது இடத்தை மிச்சப்படுத்துகிறது. கருப்புப் புள்ளிக்கும் வெள்ளைப் புள்ளிக்கும் நடுவே சாம்பல் படரும். நெசவில் சாம்பல் என்று ஒன்று கிடையாது. கொக்கி எழுந்தாக வேண்டும், இல்லையேல் படுத்தாக வேண்டும். தவிர, படத்தில் டிசைன் மட்டும்தான் இருக்கும். முதல் கொக்கி இடப்பக்கமா வலப்பக்கமா, கருப்பு என்றால் தூக்குவதா விடுவதா, எந்த அச்சுக்குப் போட்டது, எத்தனை ஊடைக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்பதெல்லாம் போட்டவர் மண்டையில்.

இந்தத் தலைவலிக்கு வெளிநாட்டு நெசவாளர்கள் ஒரு வழி கண்டார்கள். அங்கே விழுதுச் சட்டம் வைத்த கைத்தறிகளுக்கு மென்பொருள் எழுதிய சில பேர், ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள், 1990களில் கூடிப் பேசிப் பொதுவான ஒரு கோப்பு வடிவத்தை வகுத்தார்கள். நெசவுத் தகவல் கோப்பு என்று பொருள்படும் பெயர், சுருக்கமாக டபிள்யூ.ஐ.எஃப். அதன் 1.1 பதிப்பு 1997 ஏப்ரலில் வந்தது. அது முழுக்க முழுக்க எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறக்கலாம். தலைப்பு தலைப்பாகப் பிரித்திருக்கும்: பாவு எத்தனை இழை, ஊடை எத்தனை, எந்த இழை எந்த விழுதுச் சட்டத்தில் கோக்கப்பட்டது, எந்த ஊடைக்கு எந்தச் சட்டம் எழ வேண்டும். அன்று எழுதிய கோப்பை இன்றைய மென்பொருளும் திறக்கிறது. மென்பொருளே இல்லாவிட்டாலும் பொறுமையுள்ள ஒருவர் தாளில் படித்தே நெய்துவிடலாம். நடுவில் ஒரு செய்தி: ஸ்நோபால், ஐகான் என்று எழுத்துச் சரங்களைக் கையாளவே நிரல்மொழிகள் படைத்த அரிசோனாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரால்ஃப் கிரிஸ்வோல்ட், ஓய்வுக்காலத்தில் நெசவில் இறங்கி, பழைய நெசவு நூல்களையும் ஆவணங்களையும் திரட்டி எண்ணிம வடிவில் பொதுவில் வைத்தார். எழுத்தோடு வாழ்ந்த மனிதர் இழைக்குப் போனதில் எனக்கு வியப்பு இல்லை.

ஜக்கார்டு டிசைனுக்கு டபிள்யூ.ஐ.எஃப். வடிவம் அப்படியே பொருந்தாது. கொக்கிகள் மிக அதிகம். ஆனால் வழி அதைவிட எளிது. ஓர் அட்டைக்கு ஒரு வரி. துளைக்கு 1, துளையின்மைக்கு 0. 240 கொக்கிக்கு ஒரு வரியில் 240 எழுத்து. ஆயிரம் அட்டைக்கு ஆயிரம் வரி. கோப்பு கால் மெகாபைட்கூட வராது. கடைசி அட்டைக்குக் கீழே ஐந்து வரி விளக்கம்: டிசைன் பெயர், கொக்கி எண்ணிக்கை, முதல் கொக்கி எந்தப் பக்கம், 1 என்றால் இழை எழும் என்ற குறிப்பு, போட்ட தேதி. இவ்வளவுதான். வரி எண்ணும் அட்டை எண்ணும் ஒன்றாகிவிடும். 417ஆம் ஊடையில் பிழை என்றால் 417ஆம் வரிக்குப் போய் ஓர் எழுத்தை மாற்றினால் போதும். காகிதம் ஒட்டி அடைத்த அதே வேலை. இதை மென்பொருளுக்குள் சேர்ப்பது நிரல் தெரிந்தவருக்கு ஒரு பிற்பகல் வேலை. வரிசைக்கு வரிசை எழுதிக்கொண்டே போகும் பத்து வரி நிரல்.

எழுத்துக் கோப்பிலும் சங்கடங்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. வரி முடிவைக் குறிப்பதில் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் ஒற்றுமை இல்லை. 2018 வரை விண்டோஸின் நோட்பேட் லினக்ஸ் வழக்கத்தைப் புரிந்துகொள்ளவில்லை. அங்கே சேமித்த ஆயிரம் வரிக் கோப்பு இங்கே ஒரே நீள வரியாகத் தெரியும். விளக்கத்தைத் தமிழில் எழுதினால் இன்னொரு கண்ணி இருந்தது. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு என்றிருந்த காலத்தில் சேமித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகக் காட்சி தரும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிக்கோடைத் தரமாக ஏற்றது. இனி சேமிப்பவர் யூ.டி.எஃப்-8 என்ற தேர்வை வைத்துச் சேமித்தால் அந்தத் தொல்லை இல்லை. இரண்டுமே தீர்ந்த சங்கடங்கள். டாங்கிள் சங்கடம் தீராதது. தீர்க்க வேண்டியவருக்குத் தீர்ப்பதில் லாபம் இல்லை.

எவரும் படிக்கும் கோப்பை எவரும் திருடவும் முடியுமே என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஒரு வீட்டின் டிசைன் அடுத்த தெருவில் அடுத்த வாரமே தறியேறுவது ஆரணிக்குப் புதிதல்ல. ஆனால் பூட்டிய கோப்பு அந்தத் திருட்டைத் தடுக்கவில்லை. கடையில் தொங்கும் சேலையைப் படமெடுத்தால் டிசைன் கைக்கு வந்துவிடுகிறது. புது டிசைனைக் காப்பாற்ற விரும்புகிறவருக்கு 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. பதிந்தால் பத்து வருடம், நீட்டித்தால் இன்னும் ஐந்து வருடம் உரிமை. ஆரணிப் பட்டுக்கு உள்ள புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். தனியொரு பூவைக் காக்காது. பூட்டிய கோப்பு யாரை வெளியே நிறுத்துகிறது என்று பார்த்தால், கடைசியில் காசு கொடுத்த நெசவாளியைத்தான்.

ஆகவே டிசைன் போடக் கொடுக்கும் அண்ணன்மாருக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த டிசைனுக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும் முன்பாக, பென் டிரைவில் பெட்டிக்குப் போகும் கோப்போடு இன்னொன்றும் கேளுங்கள்: ஒரு வரிக்கு ஓர் அட்டையாக, 1ஆகவும் 0ஆகவும், நோட்பேடில் திறக்கும் எழுத்துக் கோப்பு ஒன்று. கேட்டு வாங்கி, உங்கள் கைப்பேசியிலேயே திறந்து பாருங்கள். மின்னஞ்சலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்; வாட்ஸாப்பில் அனுப்பினாலும் படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்புங்கள். எங்கள் மென்பொருளில் அந்த வசதி இல்லை என்று டிசைன் சென்டரில் சொன்னால், அதை விற்றவரிடம் நீங்கள் இருவரும் சேர்ந்தே கேளுங்கள்.